குடல் எரிச்சல் நோயும் மனச்சோர்வும்: எதற்கு முதலில் மருத்துவம் பார்ப்பது?

வைகைக்கரை
9 ஜூன் 2024, இரவு 11.52

வணக்கம். இந்த இழைகளை ஓராண்டாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுவே முதல் முறை. வயது 34. வீடு மதுரையில், வேலை விருதுநகரில், தினமும் பஸ் பயணம். ஆறு ஆண்டுகளாகக் குடல் எரிச்சல் நோய், அதாவது ஐபிஎஸ். எனக்கு வயிற்றுப்போக்கு வகை.

என் காலைப்பொழுதைச் சொன்னால் உங்களுக்குப் புரியும். நாலரை மணிக்கு எழுந்துவிடுவேன். ஏழு மணிக்குள் வயிறு காலியாகிவிட வேண்டும் என்பது கணக்கு. மூன்று முறை போவேன், சில நாள் ஐந்து முறை. எல்லாம் முடிந்தது என்று செருப்பை மாட்டியதும் அடிவயிற்றை ஒரு பிசை பிசையும். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி உள்ளே ஓடுவேன். மனைவி என் பையைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்பாள். ஒரு வார்த்தை பேச மாட்டாள். மாட்டுத்தாவணியில் முன்படிக்கட்டை ஒட்டிய இருக்கை கிடைத்தால்தான் ஏறுவேன், இல்லாவிட்டால் அடுத்த பஸ். திருமங்கலத்திலும் கள்ளிக்குடியிலும் எந்தக் கழிப்பறை எப்போது திறக்கும், எதில் தண்ணீர் வராது என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். பையில் ஒரு மாற்றுக் கால்சட்டை எப்போதும் இருக்கும். மதியம்வரை பச்சைத் தண்ணீர்கூடப் பயந்து பயந்துதான் குடிக்கிறேன்.

இரத்தம், மலம், ஸ்கேன், கொலோனோஸ்கோபி எல்லாம் பார்த்தாகிவிட்டது. எதிலும் குறை இல்லை. கடைசியாகப் பார்த்த மருத்துவர் கோப்பை மூடி என் பக்கம் தள்ளி, “உங்களுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் மனம்தான். தைரியமாக இருங்கள்” என்றார். வெளியே வந்து மருந்துக்கடை வாசலில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது எழுதுவது வேறு ஒரு காரணத்துக்காக. ஏழெட்டு மாதங்களாக மனம் ஒரு மாதிரி இருக்கிறது. மாடியில் ஆசையாக வளர்த்த மல்லிகைத் தொட்டிகள் காய்ந்துவிட்டன. தண்ணீர் ஊற்றத் தோன்றவில்லை. சித்திரையில் தங்கை மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி என்றால் என் மடிதான். குலதெய்வக் கோவிலில் கழிப்பறை கிடையாது என்று பயந்து நான் போகவே இல்லை. பெரியப்பா மகன் மடியில் உட்கார வைத்துக் காது குத்தினார்கள். அன்று எனக்கு அழுகைகூட வரவில்லை. அழுகை வரவில்லையே என்பதுதான் இன்றுவரை பயமாக இருக்கிறது. இரவில், நாம் இல்லாமல் போனால் இவர்களுக்குப் பாரம் குறையுமே என்ற நினைப்பு வந்து போகிறது.

வயிறு சரியானால் மனம் தானே சரியாகுமா, இல்லை மனம் சரியானால்தான் வயிறு சரியாகுமா? எதை முதலில் பார்ப்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


மலைக்கோட்டை
10 ஜூன் 2024, காலை 5.47

தம்பி, வாசல் தெளித்துவிட்டு வந்து இதைப் படித்தேன். தாய்மாமன் மடி என்ற இடத்தைத் தாண்டி உடனே படிக்க முடியவில்லை.

எனக்கு 47 வயது, ஆசிரியை. எனக்கு மலச்சிக்கல் வகை, 19 ஆண்டுகளாக. காலையில் சரியாக இருக்கும் பாவாடை நாடா மூன்றாம் பாடவேளைக்குள் இடுப்பை அறுக்கும். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று யாருக்கும் தெரியாமல் தளர்த்திக்கொள்வேன். ஆசிரியைகள் பதினொரு பேருக்கு ஒரே கழிப்பறை, அதன் தாழ்ப்பாளும் சரியாக விழாது. உங்களுக்கு வந்துவிடுமோ என்று பயம், எனக்கு வரவில்லையே என்று கவலை. கடைசியில் இரண்டு பேரும் வந்து நிற்கும் இடம் ஒன்றாகத்தான் இருக்கிறது.

ஒன்றை மட்டும் அனுபவத்தில் சொல்கிறேன். முதல் பத்து ஆண்டுகள் என் சோர்வு முழுவதையும் வயிற்றின் கணக்கிலேயே எழுதிவந்தேன். வயிறு சரியாகட்டும், சிரிக்கலாம் என்று காத்திருந்தேன். ஒரு கோடை விடுமுறையில் ஐந்து வாரம் வயிறு அருமையாக இருந்தது. அந்த ஐந்து வாரமும் நான் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அப்போதுதான் இது தனி நோய், இதற்குத் தனியாக மருத்துவம் வேண்டும் என்று எனக்கு உறைத்தது. நீங்கள் பத்து ஆண்டு காத்திருக்காதீர்கள்.


இளவேனில்
10 ஜூன் 2024, காலை 7.20

நான் மனநல மருத்துவத்தில் முதுநிலை படிக்கும் மாணவி. எல்லாவற்றுக்கும் முன்னால் வைகைக்கரை அண்ணனிடம் நேராக ஒரு கேள்வி. இல்லாமல் போனால் நல்லது என்ற நினைப்போடு, உயிரை மாய்த்துக்கொள்ள வேண்டும், இப்படிச் செய்ய வேண்டும் என்ற எண்ணமும் வருகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. அதனால் தயங்காமல் கேட்கிறேன். வருகிறது என்றால் இன்றைக்கே மனைவியிடம் சொல்லுங்கள், மருத்துவமனைக்குத் தனியாகப் போகாதீர்கள். எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் இருக்கிறது. மத்திய அரசு 2022இல் தொடங்கிய இலவசத் தொலைபேசி மனநலச் சேவை. தமிழிலேயே பேசலாம்.

இரண்டாவது கேள்வி. நாலரைக்கு எழுவது பஸ்ஸுக்காக என்றீர்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது?

இப்போது நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். நம் பத்திரிகைகள் மன அழுத்தம் என்ற சொல்லையே எல்லாவற்றுக்கும் போடுவதால் குழப்பம் வருகிறது. வேலைப்பளுவால் வரும் நெருக்கடி மன அழுத்தம். மனச்சோர்வு அப்படிப்பட்டது அன்று. இரண்டு வாரத்துக்கு மேல், அநேகமாக எல்லா நாளும், மனம் கவிழ்ந்து கிடப்பது அல்லது பிடித்தவற்றில் பிடிப்பே இல்லாமல் போவது, கூடவே தூக்கம், பசி, கவனம், தன்மதிப்பு எல்லாம் சரிவது: இது நோய். ஐபிஎஸ் உள்ளவர்களிடம் இதைக் கண்டுபிடிப்பது கொஞ்சம் சிரமம். நாங்கள் கேட்கும் ஒன்பது கேள்விகளில் தூக்கம், களைப்பு, பசி மூன்றும் வயிற்றாலேயே கெட்டிருக்கலாம். அதனால் நான் மற்ற கேள்விகளில் நின்று கேட்பேன். மல்லிகைத் தொட்டி காய்ந்தது, காதுகுத்து அன்று அழுகை வராதது, பாரமாக இருக்கிறேன் என்ற எண்ணம். இவை மூன்றும் குடலிலிருந்து வருபவை அல்ல.

இது உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்ததும் அன்று. 2019இல் 73 ஆய்வுக் கட்டுரைகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐபிஎஸ் உள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 29 பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகளும், சுமார் 39 பேருக்குப் பதற்றத்தின் அறிகுறிகளும் இருந்தன.

எது முதலில் என்பதற்கும் ஆஸ்திரேலியாவில் பதில் தேடியிருக்கிறார்கள். ஒரே மக்களை 12 ஆண்டு இடைவெளியில் மறுபடி பார்த்து, 2012இல் வெளியிட்டார்கள். தொடக்கத்தில் வயிறு நன்றாக இருந்து மனம் பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்குப் பின்னாளில் வயிற்றுக் கோளாறு வரும் வாய்ப்பு கூடுதலாக இருந்தது. மனம் நன்றாக இருந்து வயிறு பாதிக்கப்பட்டிருந்தவர்களுக்குப் பின்னாளில் பதற்றமும் சோர்வும் கூடுதலாக இருந்தன. அதே குழு 2016இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினருக்கு மனம் முந்தியது, மூன்றில் இரண்டு பங்கினருக்கு வயிறு முந்தியது. எனவே “எல்லாம் மனம்தான்” என்று கோப்பை மூடியது தவறு. “வயிறு சரியானால் எல்லாம் சரி” என்று காத்திருப்பதும் தவறு.


வேப்பமரம்
10 ஜூன் 2024, காலை 9.35

மருத்துவ மாணவி சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தம்பியை மனநல மருத்துவரிடம் அனுப்பும் அவசரம் எனக்குப் பிடிக்கவில்லை. மகிழ்ச்சியைத் தரும் செரடோனின் என்ற பொருளில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குடலில்தான் உற்பத்தியாகிறது. குடல் கெட்டால் செரடோனின் குறையும், செரடோனின் குறைந்தால் மனம் சோரும். வேரில் நீர் ஊற்றாமல் இலையில் தெளிப்பதில் என்ன பயன்? பழையசோறு, மோர், நேரத்துக்குச் சாப்பாடு, இரவு பத்து மணிக்குத் தூக்கம். இதை மூன்று மாதம் செய்து பாருங்கள். மனநோய் மாத்திரைக்குள் ஒருமுறை போய்விட்டால் வெளியே வருவது கடினம்.


நொய்யல்
10 ஜூன் 2024, இரவு 9.10

கோவையில் மருந்தாளுநர், 22 ஆண்டுகளாக மருந்துக்கடையில் நிற்கிறேன். மாத்திரை பற்றிப் பேச்சு வந்ததால் எழுதுகிறேன்.

வாரத்துக்கு இரண்டு பேராவது அமிட்ரிப்டிலின் என்ற மனச்சோர்வு மருந்து 10 மில்லிகிராம் சீட்டோடு வந்து, வீட்டுக்குப் போய் இணையத்தில் தேடிவிட்டு, “வயிற்றுவலிக்குப் போனால் மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்” என்று கோபமாகத் திரும்பி வருகிறார்கள். அவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். இந்த அளவில் அது கொடுக்கப்படுவது குடலுக்கும் மூளைக்கும் இடையே ஓடும் வலிச் செய்தியைத் தணிப்பதற்காக. இங்கிலாந்தில் 463 நோயாளிகளை ஆறு மாதம் பார்த்த பெரிய ஆய்வு 2023இல் வெளிவந்தது. 10 மில்லிகிராமில் தொடங்கி 30 வரை, நோயாளியே தன் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கொள்ளும் ஏற்பாடு. வயிற்றுத் தொல்லை கணிசமாகக் குறைந்தது. ஆனால் பதற்றம், மனச்சோர்வு அளவீடுகளில் மாற்றம் இல்லை.

அந்தக் கடைசி வரியைத் தயவுசெய்து இன்னொரு முறை படியுங்கள். வயிற்றுக்குக் கொடுத்த அந்தச் சிறிய அளவு மனச்சோர்வுக்குப் போதாது. “நான்தான் ஏற்கெனவே அந்த மாத்திரை சாப்பிடுகிறேனே, அப்புறம் ஏன் மனம் எழவில்லை” என்று தங்களையே நொந்துகொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மனச்சோர்வுக்கு இப்போது பெரும்பாலும் எழுதப்படும் எசிடலோபிராம், செர்ட்ராலின் போன்றவை முதல் ஒன்றிரண்டு வாரம் சிலருக்கு வயிற்றைக் கொஞ்சம் இளக்கும், குமட்டும். வயிற்றுப்போக்கு வகைக்காரர்கள் மூன்றாம் நாளே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். அமிட்ரிப்டிலின் நேர்மாறாக மலத்தை இறுக்கும், வாய் உலரும், காலையில் தூக்கக் கலக்கம் இருக்கும். கண் அழுத்த நோய், இதயத் துடிப்புக் கோளாறு, சிறுநீர் அடைப்பு உள்ளவர்கள் மருத்துவரிடம் முன்பே சொல்ல வேண்டும். ஆகவே சீட்டு எழுதும்போதே “எனக்கு ஐபிஎஸ் இருக்கிறது, இந்த வகை” என்று சொல்லிவிடுங்கள். மருந்தைத் தேர்ந்தெடுப்பதே மாறும். இவை போதை மருந்துகள் அல்ல. ஆனால் திடீரென்று நிறுத்தக் கூடாது, மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். வேப்பமரம் ஐயா சொல்லும் பயம் பெரும்பாலும் தூக்க மாத்திரைகளைப் பார்த்து வந்தது. அவை வேறு இனம்.


இளவேனில்
10 ஜூன் 2024, இரவு 10.25

செரடோனின் பற்றி. அதில் தொண்ணூறு பங்குக்கு மேல் குடலில் உண்டாகிறது என்பது உண்மைதான். ஆனால் அது இரத்தத்திலிருந்து மூளைக்குள் நுழைய முடியாது, இடையில் ஒரு தடுப்பு இருக்கிறது. மூளை தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. குடலில் இருக்கும் செரடோனின் அங்கே குடலை அசைக்கவும் செய்தி அனுப்பவும் பயன்படுகிறது. எனவே மோர் குடித்து மனச்சோர்வைத் தீர்க்கலாம் என்று சொல்ல அந்தத் தொண்ணூறு போதாது. மோர் குடிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை, ஒத்துக்கொண்டால் குடியுங்கள்.

குடலும் மனமும் பேசிக்கொள்வது வேறு வழிகளில். மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பின் இழைகளில் பெரும்பாலானவை வயிற்றிலிருந்து மேலே செய்தி கொண்டு போகின்றன, கீழே வருபவை குறைவு. 2021இல் ஐபிஎஸ் உள்ள 53,400 பேரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, இந்த நோயோடு தொடர்புடைய மரபுக் கூறுகள் சில பதற்றத்தோடும் மனச்சோர்வோடும் பொதுவாக இருந்தன. ஒன்று மற்றொன்றைப் பெற்றது என்பதைவிட, இரண்டுக்கும் கொஞ்சம் வேர் ஒன்றாக இருக்கலாம் என்பதே பொருத்தம். நம் மொழி இதை முன்பே அறிந்திருக்கிறது. பயம் வந்தால் நமக்கு வயிற்றில்தானே புளி கரைகிறது?


வேப்பமரம்
11 ஜூன் 2024, காலை 6.05

சரி, திருத்திக்கொள்கிறேன். ஆனால் நான் ஏன் அப்படி எழுதினேன் என்பதையும் கேளுங்கள். என் அண்ணனுக்கு வயிற்றுவலி, வயிற்றுப்போக்கு. நான்கு ஆண்டுகள் “மனக்கவலை” என்று தூக்க மாத்திரை கொடுத்தே அனுப்பினார்கள். 61 கிலோ இருந்தவர் 44 கிலோ ஆனார். எடையைக் கேட்டு எழுதியவர் ஒருவர்கூட இல்லை. கடைசியில் வேறொரு ஊரில் பார்த்தபோது குடல் காசநோய் என்றார்கள். காசநோய் மருந்தில் பிழைத்துக்கொண்டார். ஆனால் அந்த நான்கு ஆண்டில் அவருக்கு வேலை போயிற்று, மகள் கல்யாணம் தள்ளிப்போயிற்று. அதனால்தான் வயிற்றுக்காரரை மனநல மருத்துவரிடம் அனுப்பு என்று யார் சொன்னாலும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது.


இளவேனில்
11 ஜூன் 2024, காலை 7.02

ஐயா, உங்கள் அண்ணனுக்கு நடந்தது பெரிய தவறு. உங்கள் கோபம் நியாயமானது. இதைப் படிக்கும் எல்லாருக்கும் சொல்கிறேன். காரணமில்லாமல் எடை குறைவது, மலத்தில் இரத்தம், இரத்தசோகை, காய்ச்சல், தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, குடும்பத்தில் யாருக்காவது குடல் புற்றுநோய். இவற்றில் ஒன்று இருந்தாலும் ஐபிஎஸ் என்று முடிவு கட்டக் கூடாது, தேடிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் குடல் காசநோயை மறக்கவே கூடாது.

வைகைக்கரை அண்ணனுக்கு அந்தச் சோதனைகள் முடிந்துவிட்டன. ஐபிஎஸ்ஸுக்கு அடையாள விதியும் இருக்கிறது. 2016இல் வகுத்த ரோம் விதிகளின் நான்காம் பதிப்பின்படி, கடந்த மூன்று மாதத்தில் வாரத்துக்கு ஒரு நாளாவது வயிற்றுவலி, அதோடு மலம் கழிப்பதோடு தொடர்பு, எண்ணிக்கை மாறுவது, தன்மை மாறுவது என்ற மூன்றில் இரண்டாவது சேர்ந்திருக்க வேண்டும், தொல்லை தொடங்கி ஆறு மாதமாவது ஆகியிருக்க வேண்டும். ஆக, இது பெயர் உள்ள நோய். “ஒன்றும் இல்லை” என்பது அதன் பெயர் அன்று.


ரொறன்ரோ நிலா
11 ஜூன் 2024, மாலை 6.48

கனடாவில் இருந்து எழுதுகிறேன். நான் யாழ்ப்பாணத்துக்குப் போய் வந்த ஒரு பயணத்தில் கடும் வயிற்றோட்டம் வந்து, காய்ச்சலோடு மூன்று நாள் வைத்தியசாலையில் கிடந்தேன். கிருமி போய்விட்டது. வயிறு மட்டும் பழைய வயிறாகத் திரும்பவில்லை. அதற்கு முன் எனக்குக் குடலில் ஒரு குறையும் இருந்ததில்லை. “யோசிக்கிறதாலதான் இது” என்று வீட்டில் சொல்லச் சொல்ல, நானும் அப்படித்தானோ என்று நம்பத் தொடங்கினேன்.

என் குடும்ப வைத்தியர்தான் வோக்கர்ட்டன் கதையைச் சொன்னார். அது ஒன்ராறியோவில் ஐயாயிரம் பேர் வரை வாழும் சின்ன ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் பெருமழையில் மாட்டுச்சாணம் கலந்த நீர் ஊரின் குடிநீர்க் கிணறு ஒன்றில் இறங்கியது. ஈ கோலை, கம்பைலோபக்டர் என்ற இரண்டு கிருமிகள். சுமார் 2,300 பேர் நோயுற்றார்கள், ஏழு பேர் இறந்துபோனார்கள். பிறகு அந்த ஊர் மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். நோயுற்றதாக வைத்தியர்கள் கருதியவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு ஐபிஎஸ். கிருமி தொடாதவர்களில் 10 பேருக்குத்தான். எட்டு ஆண்டு கழித்தும் அந்த வேறுபாடு மறையவில்லை, ஆனால் நோயுற்றவர்களிடையே விகிதம் 15 அளவுக்குக் குறைந்திருந்தது.

இதில் இரண்டு விடயம் எனக்குள் தங்கிவிட்டது. ஓர் ஊரே ஒரே வாரத்தில் யோசித்து யோசித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ளவில்லை, தண்ணீர்தான் கெட்டது. ஆனால் எட்டு ஆண்டுக்குப் பிறகும் யாருக்கு நீடித்தது என்று பார்த்தபோது, முன்னரே பதற்றமோ மனச்சோர்வோ இருந்தவர்களுக்கு, இளையவர்களுக்கு, பெண்களுக்கு, தொடக்க நோயின்போது காய்ச்சல் வந்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. இரண்டையும் ஒரே மூச்சில் சொன்ன முதல் வைத்தியர் அவர். அவர் அறையில் அன்று நன்றாக அழுதேன். அதன் பிறகுதான் மனச்சோர்வுக்கு மருந்து எடுக்கச் சம்மதித்தேன்.


வைகைக்கரை
12 ஜூன் 2024, இரவு 12.30

எல்லாவற்றையும் இரண்டு முறை படித்தேன். இளவேனில் தங்கைக்கு: செத்துவிட வேண்டும் என்று திட்டம் எதுவும் இல்லை. ஆனால் அந்த நினைப்பு வாரத்துக்கு ஒருமுறை என்பதிலிருந்து இப்போது தினமும் என்று ஆகியிருக்கிறது. எழுதும்போதுதான் அது எனக்கே தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை விழிப்பு வருவது மூன்று மணிக்கு. பஸ்ஸும் இல்லை, வயிறும் சும்மா இருக்கிறது, கண் மட்டும் திறந்துகொள்கிறது.

நேற்று இரவு 14416க்கு அழைத்தேன். பேசியவர் ஒரு பெண். அவசரப்படுத்தவில்லை. மனைவியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை பேசினேன். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள். திங்கட்கிழமை விடுப்பு போட்டிருக்கிறேன்.


மலைக்கோட்டை
12 ஜூன் 2024, காலை 5.55

போங்கள் தம்பி. மனைவியையும் உள்ளே அழைத்துப் போங்கள். நாம் மறைப்பதை அவர்கள் சொல்லிவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், நான் கெட்டது அதில்தான். மெல்போர்னில் மோனாஷ் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய உணவுமுறை ஒன்று இருக்கிறது. குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சிலவகை மாவுச்சத்து, சர்க்கரைச்சத்துகளைச் சில வாரம் நிறுத்தி, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்த்து, எது நமக்கு ஆகவில்லை என்று கண்டுபிடிப்பது. வெங்காயம், பூண்டு, கோதுமை, பருப்பு வகைகள், பால் எல்லாம் அதில் வரும். நம் சமையலில் மிஞ்சுவது என்ன, சொல்லுங்கள்! நல்லவேளையாக அரிசி மிஞ்சுகிறது. முறை நல்ல முறைதான். நான் செய்த தவறு, நிறுத்தும் பாதியை மட்டும் செய்துவிட்டுத் திரும்பச் சேர்க்கும் பாதிக்குப் போகவே இல்லை. ஒன்றரை ஆண்டு வெறும் சோறும் ரசமும் வேகவைத்த கேரட்டும். ஏழு கிலோ குறைந்தேன். பந்தியில் உட்கார மாட்டேன், யார் வீட்டிலும் கை நனைக்க மாட்டேன். அக்கம்பக்கத்தில் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். வயிறு கொஞ்சம் அடங்கியது, மனம் குழிக்குள் போனது.

பிறகு ஒரு உணவியல் நிபுணரிடம் போனபோது அவர் முதல் நாளே பூண்டைத் திருப்பிக் கொடுத்தார். பூண்டில் நம்மைப் படுத்தும் சத்து எண்ணெயில் கரையாதாம். எண்ணெயில் நான்கு பல்லைப் பொரித்து, பல்லை எடுத்து எறிந்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் அப்படியே இருக்கும். அன்று ரசம் கொதித்த வாசனையில் என் மகள் அடுக்களைக்கு ஓடிவந்து, “அம்மா, பழைய ரசம்!” என்றாள். அதற்காகவே அந்த நிபுணருக்குக் கோவிலில் ஒரு விளக்கு ஏற்றினேன். மனச்சோர்வு இருக்கும்போது கடுமையான பத்தியத்தைத் தனியாகத் தொடங்காதீர்கள். உடன் ஒருவர் இருக்க வேண்டும்.


செம்பருத்தி
14 ஜூன் 2024, பிற்பகல் 3.15

என் மகன் பொறியியல் கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு. தேர்வு வந்தால் வயிறு போகிறது என்பான். இந்தப் பருவத்தில் இரண்டு தேர்வு எழுதவே இல்லை என்று நேற்றுதான் தெரிந்தது. தொலைபேசியில் “சாப்பிட்டாயா” என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே வைகைக்கரை எழுதியதை வாசித்துக் காட்டினேன். வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த அண்ணன் இப்போது எப்படி இருக்கிறார்” என்று கேட்டான். அதனால் கேட்கிறேன், எப்படி இருக்கிறீர்கள்?


வைகைக்கரை
28 ஜூலை 2024, இரவு 8.40

செம்பருத்தி அம்மா, இவ்வளவு நாள் கழித்துப் பதில் எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். ஆறு வாரம் ஆகிவிட்டது.

மனச்சோர்வு என்று உறுதிசெய்து மருந்து கொடுத்தார்கள். நொய்யல் அண்ணன் எழுதியதை மனதில் வைத்து ஐபிஎஸ் வகையை முதலிலேயே சொன்னேன். மருத்துவர் மிகக் குறைந்த அளவில் தொடங்கினார். நான்காம் நாளும் ஐந்தாம் நாளும் வயிறு இளகியது. நிறுத்திவிடலாம் என்று எழுந்த கையை மனைவி பிடித்துக்கொண்டாள். இரண்டாம் வாரத்தில் அது அடங்கியது. குடல் மருத்துவர் ஒருவரையும் புதிதாகப் பார்த்தேன். அவர் மனநல மருத்துவரின் சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, அதற்கு ஒத்துவருகிற மாதிரி தன் மருந்தை எழுதினார். ஆறு ஆண்டில் என் இரண்டு சீட்டுகள் ஒரே மேசையில் இருந்தது அன்றுதான்.

உளவியல் ஆலோசகர் வாரம் ஒருமுறை. அவர் கொடுத்த முதல் வீட்டுப்பாடம் என் கழிப்பறைப் பட்டியலைக் காகிதத்தில் எழுதுவது. 23 இடங்கள் வந்தன. “இதில் கடந்த ஓராண்டில் எத்தனை இடத்தில் இறங்கினீர்கள்?” என்று கேட்டார். யோசித்துப் பார்த்தால் இரண்டு. அடுத்த பாடம், ஒரு விடுமுறை நாளில் திருமங்கலம் வரை பின் இருக்கையில் உட்கார்ந்து போய்த் திரும்புவது. உள்ளங்கை நனைந்து டிக்கெட் கூழாகிவிட்டது. ஆனால் இறங்க வேண்டிவரவில்லை. மூன்றாம் வாரம் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். கள்ளிக்குடியில் வயிறு பிசைந்தது, இறங்கிப் போய்விட்டு அடுத்த பஸ்ஸில் அலுவலகம் சேர்ந்தேன். இருபது நிமிடம் தாமதம். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த இருபது நிமிடத்துக்குப் பயந்துதான் ஆறு ஆண்டு பட்டினி கிடந்திருக்கிறேன்.

வயிறு பாதி தேறியிருக்கிறது என்று சொல்லலாம், முழுதாக இல்லை. மோசமான நாட்கள் வருகின்றன. ஞாயிறு விழிப்பு இப்போது ஐந்தரைக்கு. அந்த நினைப்பு போன பத்து நாளாக வரவில்லை. போன வாரம் தங்கை மகனைப் பார்க்கப் போனேன். தோடு போட்ட காதைக் காட்டி, “மாமா, வலிக்கவே இல்லை” என்றான். மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். அழுகை வந்தது.


செம்பருத்தி
28 ஜூலை 2024, இரவு 9.22

மகனுக்கு இப்போதே அனுப்பிவிட்டேன். செவ்வாய்க்கிழமை அவனை அழைத்துக்கொண்டு போகிறேன். வழியில் எங்கெங்கே கழிப்பறை இருக்கிறது என்று கேட்டான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நாமக்கல்லிலிருந்து சேலம்.


நொய்யல்
28 ஜூலை 2024, இரவு 9.31

ராசிபுரம் பஸ் நிலையத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது. வேண்டுமானால் தனிச்செய்தியில் எழுதுங்கள் அம்மா, சேலத்தில் பஸ் நிலையத்திலேயே வந்து பார்க்கிறேன்.